குளிர் வாங்க வந்த துரைமார்

ஜனவரி பிறந்து இரண்டு வாரம் ஆனால் போதும், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து போன் வரும். "மச்சான், அங்க ஐஸ் விழுதாமே? பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வரவா?"

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதற்கு ஒரே பதில்தான். நுவரெலியாவில் ஐஸ் விழாது. விழுந்தால் அது ஆலங்கட்டி; இடியோடு வரும், தலையில் விழும். ஜனவரி விடிகாலையில் புல்லின்மேல் வெள்ளையாய்ப் படிந்து கிடப்பதைப் பத்திரிகைக்காரர்கள் 'துகள் உறைபனி' என்று எழுதுகிறார்கள். அது மேலேயிருந்து வருவதே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக, ஒருவருக்கும் சொல்லாமல், புல்லிலேயே பிடிக்கிறது. வெயில் பட்டதும் ஆள் அட்ரஸ் இல்லாமல் போய்விடுகிறது. வெள்ளவத்தைக் குடும்பம் பத்தரை மணிக்கு வேனில் வந்து இறங்கி "எங்கப்பா ஐஸ்?" என்று என்னைப் பார்க்கும். ஏதோ நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரி.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரை வேறு ஏதோ ஊர் என்று நினைத்து வந்து ஏமாந்தவர்களின் வரிசை இருநூறு வருடம் நீளமானது. அதன் வாலில் நிற்பவர்கள்தான் இவர்கள். தலையில் நின்றவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்.

துரைமாருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். ஹக்கலைக்குப் பக்கத்தில் சீத்தாஎலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. ஓடைக்கரைப் பாறையில் இருக்கும் குழிகளை அனுமன் பாதம் என்று காட்டுவார்கள். அசோகவனம் இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் இந்தக் குளிரில் மாட்டிக்கொண்ட முதல் வெளியூர்க்காரர் சீதாப்பிராட்டி. அதுவும் அவர் கேட்டு வந்ததல்ல. பத்துத் தலைக்கும் குல்லா தேட வேண்டிய இடத்தில் ராவணன் எதற்குத் தோட்டம் போட்டான் என்று சின்ன வயதில் அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். "அவனுக்கு ஒடம்பு சூடு ஜாஸ்திடா" என்றாள். அந்தப் பக்கத்து மண் கறுப்பாய் இருப்பது அனுமன் வால் நெருப்பில் கருகியதால் என்பார்கள். அதற்கும் அப்பாயி தனி விளக்கம் வைத்திருந்தாள். "இந்தக் குளிருக்கு யாரா இருந்தாலும் எதையாவது கொளுத்தத்தான் செய்வாங்க."

பிறகு 1819. ஜோன் டேவி என்ற பட்டாளத்து டாக்டர் இங்கே வந்தார். அண்ணன் ஹம்ப்ரி டேவி லண்டனில் சுரங்க விளக்கைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கிவிட்டார். தம்பி என்ன செய்வார்? ஒரு ஊரைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தபோதே அந்த ஊருக்கு நுவரெலியா என்று பெயர் இருந்தது. ஆளில்லாத ஊருக்குப் பெயர் வைத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, பின்னால் வந்தவர்களும் கேட்கவில்லை.

1824இல் தேசாதிபதியாக வந்த எட்வர்ட் பார்ன்ஸுக்கு இரண்டு பைத்தியம்: ஒன்று ரோடு, மற்றது கோப்பி. மூன்றாவதாக நுவரெலியாவும் சேர்ந்துகொண்டது. இங்கே ஒரு மாளிகை கட்டினார். இன்றைக்கு அது பெரிய ஹோட்டல். காய்ச்சல் கண்ட பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு ஆரோக்கிய விடுதியும் வந்தது. கீழ்நாட்டில் நடுங்கிக்கொண்டு கிடந்த வெள்ளைக்காரன் இங்கே வந்து இரண்டு வாரம் படுத்தால் எழுந்து நடந்தான். மலைக்காற்றின் மகிமை என்றார்கள். உண்மையில் மகிமை, இங்கே கொசுவால் மலேரியாவைப் பரப்ப முடியாததில் இருந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் முற்றுவதற்குச் சூடு வேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேல் அதற்குக் குளிர் இடம் கொடுக்காது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதுவரை எழுபது வருடமாகத் துரைமார் 'காற்று வாங்க' இங்கே வந்துகொண்டிருந்தார்கள். நம் தமிழில் காற்றும் வாங்குவதுதான், கருவாடும் வாங்குவதுதான். கருவாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

உடம்பு தேறியவன் சும்மா இருப்பானா? வேட்டைக்குப் போனான். இங்கே மேஜர் தோமஸ் ரோஜர்ஸைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பதுளைப் பக்கத்தில் அரசாங்க அதிகாரி. 1,400 யானைக்கு மேல் சுட்டார் என்று, இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்ட எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். ஒருவனுக்கு எதற்கு ஆயிரத்து நானூறு யானை? குழம்பா வைத்தான்? சுட்டுக்கொண்டே போனார், அவ்வளவுதான். துவக்குக்கு அகப்படாத ஒன்று மிச்சம் இருந்தது. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடியோடு மழை. கொஞ்சம் விட்ட மாதிரி இருந்ததும், போய்விட்டதா என்று பார்க்க மேஜர் தங்குமடத்து வராந்தாவுக்கு வந்தார். போகவில்லை. மின்னல் விழுந்து அந்த இடத்திலேயே முடிந்தார். நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் புதைத்தார்கள். அந்தக் கல்லறைமேலும் மின்னல் விழுந்தது, கல் பிளந்தது என்பது ஊர்ப்பேச்சு. ஒரு தடவை விழுந்ததே போதும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் யானைக் கணக்கைப் பார்த்தால், மேலே இருப்பவருக்கு அது பத்தாமல் போயிருக்கலாம்.

இனி சாமுவேல் பேக்கர். இந்த ஊர்க் கூத்தில் ராஜபார்ட் இவர்தான்.

1840களின் நடுவில் வேட்டைக்கு வந்தவருக்குக் காய்ச்சல். நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள், தேறினார். மற்றவர்களெல்லாம் தேறியதும் ஊருக்குப் போனார்கள். பேக்கர் தேறியதும் ஊரையே இங்கே கொண்டுவர முடிவு செய்தார். 1848இல் லண்டனில் கப்பல் பிடித்து, தம்பி வலன்டைன், பண்ணைக் காரியஸ்தர், கொல்லன், வேட்டை நாய்கள், ஜாதி மாடு, செம்மறிக் கிடாய், கலப்பை, குதிரை வண்டி என்று ஒரு ஆங்கிலக் கிராமத்தைப் பொட்டலமாகக் கட்டி ஏற்றி அனுப்பினார். எதையும் மறக்கவில்லை. மலைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க மட்டும் மறந்துவிட்டார்.

சாமான் கொழும்பில் இறங்கியது. மலை ஏற வேண்டும். வண்டியை ஓட்டி வந்தவர் ஹென்றி பெர்க்ஸ் என்ற குதிரைக்காரர். தொண்டை அடிக்கடி காய்ந்துபோகும் வியாதி உள்ளவர். மலைப்பாதை வளைவில் வண்டியும் குதிரைகளும் ஏறக்குறைய எண்பது அடிப் பள்ளத்தில் விழுந்தன. பெர்க்ஸ் விழவில்லை, அதைக் கடவுளின் கருணையாகக் குறிப்பிட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் போட்டார். பக்கத்தில் இருந்த ஒரு துரை நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களை அனுப்பியும் வண்டி அசையவில்லை, ஆட்கள் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று அதே கடிதத்தில் திட்டும் இருந்தது. வண்டியைக் கவிழ்த்தவர் எழுதுகிறார், தூக்க வந்தவர்கள் சரியில்லையென்று! எங்கள் மலைநாட்டு நிர்வாகக் கடிதங்களுக்கெல்லாம் மூலப்பிரதி இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வண்டியைத் தூக்கப் பழக்கிய யானை ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். யானை, யானை நடையில்தான் நடக்கும். பெர்க்ஸுக்கு அந்த வேகம் பத்தவில்லை. குதிரை மாதிரி ஓட்டிக் காட்டுகிறேன் என்று அடித்து விரட்டினார். ஏற்றத்தில் ஓட முடியாமல் ஓடிய யானை செத்து விழுந்தது. ரோஜர்ஸ் துவக்கால் செய்ததை பெர்க்ஸ் வெறும் அவசரத்தால் செய்தார்.

ஒருவழியாகப் பண்ணை தொடங்கியது. காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள், புழு தின்றது. ஓட்ஸ் விதைத்தார்கள், மரையும் பன்றியும் விருந்துக்கு வந்தன. செம்மறிகள் இந்த ஊர்ப் புல் என்று நம்பி விஷச்செடியைத் தின்று செத்தன. மாட்டுக்கு நோய் வந்தது. பொறாமையில் சொல்லவில்லை, 1855இல் வெளியான தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டவை இவை. மனுஷன் தன் தோல்வியை இவ்வளவு சுவையாக எழுதியிருக்கிறார் என்பதற்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று இருக்கிறது.

மரை என்றேனே, அதை இந்தத் துரைமார் 'எல்க்' என்றுதான் எழுதினார்கள். எல்க் என்பது ஐரோப்பாவின் பனிக்காட்டு மிருகம். குதிரை ஏறி, கொம்பு ஊதி, நாய்க்கூட்டத்தோடு விரட்டும் நரிவேட்டைக்கு இங்கே தோது இல்லை. கிடைத்தது மரை. அதற்குப் பெயரை மாற்றிவிட்டால் ஊர் மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் மரைக்கு அந்தப் பெயர் தெரியாது, கூப்பிட்டாலும் திரும்பியிருக்காது.

பேக்கர் 1855இல் மூட்டை கட்டினார். ஆபிரிக்காவுக்குப் போய் 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் 'கண்டுபிடித்து' சேர் பட்டம் வாங்கினார். தம்பி வலன்டைன் பிற்காலத்தில் கேர்ணலாகி, 1875இல் ரயில் பெட்டியில் தனியாக வந்த ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்து ஜெயிலுக்குப் போனார். அண்ணன் விட்டுப்போனதில் நிலைத்தது இரண்டு. ஒன்று, இங்கிலாந்து மரக்கறி விளையும் என்ற நம்பிக்கை. அதன் பலனாகத்தான் கரட்டும் லீக்ஸும் இன்றைக்கும் லொறி லொறியாகக் கீழே இறங்குகின்றன. மற்றது பியர். 1849இல் இங்கே தொடங்கிய வடிசாலையைத்தான் லயன் பியர் தன் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்கிறது. மாடு செத்தது, ஆடு செத்தது, யானை செத்தது, பியர் பிழைத்தது.

பேக்கருக்குப் பிறகு வந்தவர்கள் உஷாரானவர்கள். அவர்கள் கிராமத்தைக் கப்பலில் கொண்டுவரவில்லை, வேடிக்கைகளை மட்டும் கொண்டுவந்தார்கள். 1873இல் தேசாதிபதி கிரகரி ஓடையை மறித்து வாவி கட்டினார். 1875இல் குதிரைப் பந்தயத் திடல். 1876இல் ஹில் கிளப். 1889இல் கோல்ப். ஓடைகளில் மீன் இல்லையா? ட்ரவுட் மீனைக் கடல் கடந்து கொண்டுவந்து விட்டார்கள், பிறகு தூண்டில் போட்டுப் பிடித்தார்கள். விட்டதும் நீயே, பிடிப்பதும் நீயே என்றால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. ஹில் கிளப்பில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். பெண்களுக்கு நீண்ட காலம் தனி வாசல். நம் நாட்டவருக்கு வாசலே இல்லை. அது சுதந்திரம் கிடைத்து வெகுநாள் கழித்துத்தான் திறந்தது. படுக்கப் போகும்போது போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்திருப்பார்கள்.

சுடுதண்ணீர்ப் பை என்றதும் எனக்குக் கம்பளி ஞாபகம் வருகிறது.

1869இல் கோப்பி இலையில் பூஞ்சணம் விழுந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் போட்டு வைத்திருந்த தேயிலை மலைநாடு முழுக்கப் பரவியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து போனால் போதும். தேயிலை வருடம் முழுக்கக் கொழுந்து விடும், அதனால் வருடம் முழுக்க ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வெயிலில் காய்ந்தவர்களை, அதாவது எங்கள் பாட்டன் பூட்டன்களை, கங்காணி கூட்டி வந்து ஆறாயிரம் அடியில் நிறுத்தினார். அவர்கள் அதுவரை கண்ட பெரிய குளிர் மார்கழிக் காலை. இங்கே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் தகரக் கூரையும் மூன்று கல் அடுப்பும்.

குளிருக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால் சும்மா இல்லை, கணக்கில் எழுதினார்கள். அரிசி ஒரு பற்று, கம்பளி ஒரு பற்று, வந்த வழிச் செலவு ஒரு பற்று. அந்தக் கடனை எழுதிய காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். 1921இல்தான் அந்த முறையை எடுத்தார்கள். கறுப்புக் கம்பளியை அப்பாயி நன்றாக நினைவில் வைத்திருந்தாள். மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வது அதுவே, ராத்திரிக்குப் போர்த்திக்கொள்வதும் அதுவே. நனைந்தால் ஆட்டுக்கிடை மாதிரி மணக்கும். காய வைக்க வெயில் வேண்டும். இங்கே வெயில் பெரியதுரை மாதிரி, நினைத்தபோதுதான் வரும். ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே சட்டி வைத்துவிட்டுப் படுப்பார்களாம்.

இந்தக் குளிருக்காக ஒருவன் கப்பலேறிக் காசு செலவழித்து வந்திருக்கிறான். அதே குளிர், அதே மலை. இன்னொருவனுக்கு அது சம்பளத்தில் கழிந்திருக்கிறது.

அந்த வெள்ளைப் பனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். பக்கத்தில் பிதுருதலாகலை 2,524 மீற்றர். உயரப் போனால் குளிர் என்றால் உச்சியில்தானே பனி பிடிக்க வேண்டும்? பிடிப்பது கீழே, பந்தயத் திடலிலும் மரக்கறித் தோட்டத்திலும். ஜனவரி, பிப்ரவரியில் மேகமில்லாத, காற்றசையாத ராத்திரி வந்தால் நிலம் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று பாரம் கூடியது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நகரம் இருப்பதே ஒரு கிண்ணத்துக்குள். வானிலைக்காரர்களின் வெப்பமானி ஆள் மார்பு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும். அது மூன்று பாகை காட்டும்போது கீழே புல் உறைந்து போயிருக்கும். பேப்பரில் மூன்று என்று படித்துவிட்டு "அப்ப ஐஸ் எப்படி?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் புல்லின் உயரத்துக்குக் குனிந்து பார்க்காதவர்கள்.

நாங்கள் கந்தப்பளைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குனிந்துதான் பார்த்தோம். வானம் தெளிந்த ராத்திரியில் அப்பா ஒரு பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி இஸ்தோப்புக்கு வெளியே வைப்பார். ஐந்து மணிக்கு எழுப்புவார். தட்டின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் முழுசாகக் கழன்று வரும். அதன் வழியே லாம்பைப் பார்த்தால் வெளிச்சம் கோணல்மாணலாகத் தெரியும். சீனி தூவிக் கடிப்போம், பல் கூசும். அதற்குள் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக் கொம்பு ஊதிவிடும். அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, "பனி அடிச்சிருக்கு, இன்னைக்குக் கொழுந்து இருக்காது, அரைப்பேருதான்" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்குவாள். பனி பிடித்த தளிரில் நீர் உறைந்து உள்ளே கிழித்துவிடும். வெயில் பட்டதும் நெருப்புக் காட்டிய மாதிரி கருகும். எங்களுக்கு ஐஸ் பழம், அம்மாவுக்கு அரை நாள் சம்பளம். அது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கடித்திருப்போம்.

எங்கள் ஆட்கள் பொழுதுபோக்குக்கு மலை ஏறியதே இல்லையா என்றால், ஏறினார்கள். வருடம் ஒரு தடவை சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய், ராத்திரி முழுக்கப் படி ஏறி, விடிகாலையில் உச்சியில் பல் கிடுகிடுக்க நின்று, சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கி, ஒரு வாரம் நொண்டுவது. சிவன் பாதம் என்கிறோம் நாங்கள், புத்தர் பாதம் என்கிறார்கள் சிங்களவர்கள், பாவா ஆதம் என்கிறார்கள் முஸ்லிம்கள். முழங்கால் வலி எல்லோருக்கும் பொது. 1344இல் இபின் பதூதா என்ற யாத்திரிகர் சங்கிலியைப் பிடித்து ஏறியபோது, வழியில் அட்டை தொல்லை, அதற்கென்று எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருந்து பிழிவார்கள் என்று எழுதியிருக்கிறார். அறுநூற்றெழுபது வருடத்துக்கு மேலாக அட்டையும் மாறவில்லை, வைத்தியமும் மாறவில்லை. கண்டி ராச்சியம் கைமாறிய 1815இல் மல்கம் என்ற இளம் அதிகாரி ஏறினார். உச்சிக்குப் போனதும் மூன்று தடவை துவக்கு வெடிக்கச் செய்தார். எல்லோரும் கும்பிடுகிற இடத்தில் அவருக்குத் தோன்றியது அதுதான்.

நடந்து ஏறிய மலைக்கு ரயிலும் வந்தது: 1885இல் நானுஓயாவுக்கு. அங்கிருந்து நுவரெலியா வழியாக இறாகலை வரை ஒரு சின்ன ரயிலும் 1903, 1904இல் ஓடத் தொடங்கியது. 1940களில் அதை மூடிவிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், 1948இல், எங்கள் ஆட்களின் குடியுரிமையையும் எடுத்துவிட்டார்கள். கோல்ப் மைதானத்தை எடுக்கவில்லை.

இப்போது ஏப்ரல் என்றால் வசந்தகாலம். மலர்க்காட்சி, குதிரைப் பந்தயம், மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய கார் ஏற்றப் போட்டி, வாவியில் படகு. கொழும்பே இங்கே இருக்கும், ஒரு அறை கிடைக்காது. துரைமார் போய்விட்டார்கள், குளிர் வாங்குகிறவர்கள் போகவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்களும் குல்லா போட்டுக்கொண்டு கிளப் வாசலில் நின்று படம் எடுப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

வெள்ளவத்தை மச்சானுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஜனவரியில் வருவதானால் முதல் நாளே வந்து தங்குங்கள். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெரிகிறதா, காற்று நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். ஆறரைக்கு முன் பந்தயத் திடலுக்குப் போய்க் குனிந்து பாருங்கள். கம்பளி வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். எட்டு மணிக்குப் பிறகு போனால் அங்கே மட்டக்குதிரைகள்தான் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றோடு நின்று படம் எடுக்கக் காசு கேட்பார்கள்.